துருவக் கடல் நத்தையைப் பாடசாலைக் கண்காட்சிக்குத் தயார் செய்வது எப்படி: மலையக மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வழிகாட்டி

நுவரெலியா, ஹற்றன், பண்டாரவளைப் பக்கத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கண்காட்சி என்றால் எரிமலை, காற்றாலை, நீர் வடிகட்டி ஆகியவையே மேசைக்கு மேசை திரும்பத் திரும்ப வருகின்றன. எங்கள் விஞ்ஞான மன்றத்துப் பிள்ளைகள் அதை விட்டு விலகி, வடதுருவக் கடலில் சிறகடித்து நீந்தும் ஒரு சின்னஞ்சிறு நத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். லிமாசினா ஹெலிசினா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். பொதுவாகக் கடல் வண்ணத்துப்பூச்சி என்பார்கள். கடற்கரைக்குப் போகவே பல மணி நேரம் பேருந்தில் இறங்க வேண்டிய ஊரிலிருந்து இந்த உயிரினத்தைக் காட்சிக்கு வைப்பது நிச்சயமாக முடியும். ஆனால் எதை முதலில் செய்வது, எதற்குக் காசு செலவழிப்பது, எந்தத் தாளை யாரிடம் வாங்குவது என்பது தெரியாமல் நாங்கள் பட்ட அலைச்சலில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. அது உங்களுக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. அச்சிடுவதற்கு முன் பெயரை உறுதிசெய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்; காசும் காலமும் வீணாவது பெரும்பாலும் இதைப் பிந்திச் செய்வதால்தான். உலகக் கடல்வாழ் இனங்களின் பதிவேடு என்று ஓர் இணையத் தரவுத்தளம் உண்டு. வோர்ம்ஸ் என்று சுருக்கமாக அழைப்பார்கள். கட்டணம் இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. ஆங்கில எழுத்தில் தேட வேண்டும் என்பதால் எழுத்துக்கூட்டலைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்: முதற்சொல் எல்-ஐ-எம்-ஏ-சி-ஐ-என்-ஏ, இரண்டாம் சொல் எச்-ஈ-எல்-ஐ-சி-ஐ-என்-ஏ. வரும் பக்கத்தில் அந்தப் பெயர் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டதா, எந்தப் பழைய பெயர்கள் அதனுள் அடங்குகின்றன, முதலில் விவரித்தவர் யார் என்பன எல்லாம் இருக்கும். ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அடையாள எண்ணும் உண்டு. அதையும் பார்த்த திகதியையும் கொப்பியில் எழுதுங்கள்.

இந்த இனத்தின் பெயரோடு பிப்ஸ், 1774 என்று அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் காண்பீர்கள். அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. பிப்ஸ் இதனை 1774 இல் கிளியோ என்ற வேறொரு சாதியில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதியில்) வைத்து விவரித்தார், பிறகு வந்தவர்கள் லிமாசினா என்ற சாதிக்கு மாற்றினார்கள் என்பதே அதன் பொருள். பதாகையில் அடைப்புக்குறியை விட்டுவிட்டால் தவறு; விடயம் தெரிந்த நடுவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். விஞ்ஞானப் பெயரை இலத்தீன் எழுத்தில், சாதிப் பெயரின் முதலெழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்கி, சாய்வெழுத்தில் அச்சிட வேண்டும். கையால் எழுதினால் இரு சொற்களையும் தனித்தனியாக அடிக்கோடிடுங்கள்.

பெயர் விடயத்தில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. பழைய நூல்களில் இந்த நத்தை ஸ்பைரற்றெல்லா என்ற சாதிப் பெயரோடு வரும். அதை வேறோர் உயிரினமாக எண்ணிவிடாதீர்கள். மற்றொன்று பெரியது. இந்த இனம் வடதுருவக் கடலிலும் தென்துருவக் கடலிலும் வாழ்கிறது என்று பல நூல்களும் தளங்களும் இன்றும் எழுதுகின்றன. ஆனால் 2010 இல் பிளோஸ் வன் இதழில் வந்த ஓர் ஆய்வு, இரு துருவங்களிலும் உள்ள நத்தைகளின் ஒரு மைற்றோகொண்ட்ரிய மரபணுவை ஒப்பிட்டு, 33 சதவீதத்துக்கும் கூடிய வேறுபாட்டைக் கண்டது. ஒரே இனத்துக்குள் இருக்கக்கூடிய வேறுபாடு அன்று இது. எனவே உங்கள் பதாகையில் லிமாசினா ஹெலிசினா வடக்குக்கு உரியது என்றும், தென்துருவத்தில் வாழ்வது அதன் நெருங்கிய உறவினம் என்றும் எழுதுங்கள். உலக வரைபடத்தில் இரு துருவங்களையும் நிறந்தீட்டி அச்சிட்டுவிட்டால், பிறகு இதைத் தெரிந்துகொள்ளும்போது பதாகை முழுவதையும் மறுபடி அச்சிட நேரும்.

2. உண்மையான மாதிரியைத் தேடி அலையாதீர்கள்

உயிருள்ளதோ பதப்படுத்தியதோ, இந்த நத்தையை வரவழைக்க முயல வேண்டாம். வெளிநாட்டு விலங்கு மாதிரியை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதிகள் வேண்டும். ஒரு பாடசாலைக் கண்காட்சிக்கு அந்தப் பாடு தேவையும் இல்லை. ஓடு தாளைப் போல மெல்லியது. உயிரின மாதிரிகளைப் பதப்படுத்தும் போமலின் திரவத்தை நடுநிலைப்படுத்தாமல் அதில் வைத்தால் அதுவே கரைந்துவிடும்.

அதற்கு ஈடாக உள்ளூர் நத்தைகளைப் பிடித்துவந்து மேசையில் வைக்கலாம் என்ற எண்ணமும் சிலருக்கு வரும். ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காவிலிருந்தோ ஒதுக்கக் காட்டிலிருந்தோ ஒரு வெற்று ஓட்டையும் அனுமதியின்றி எடுக்கக்கூடாது. மரக்கறித் தோட்டங்களில் திரியும் ஆபிரிக்கப் பெருநத்தையை வெறுங்கையால் தொட விடாதீர்கள். நத்தைகளின் உடலில் மனிதருக்குத் தொற்றக்கூடிய ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். ஒப்பீட்டுக்கு ஓர் ஓடு வேண்டுமானால் வீட்டுப் பூசையறையில் இருக்கும் சங்கை இரவல் வாங்குவதே போதும்.

3. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் எழுதிய ஒரு கொப்பி

பதாகையில் எழுதப்போகும் ஒவ்வொரு கூற்றுக்கும் கொப்பியில் ஒரு வரி ஒதுக்குங்கள்: கூற்று, எங்கிருந்து எடுத்தது, எந்தப் பக்கம், பார்த்த திகதி. ஆதாரம் எழுத முடியாத வரி பதாகைக்குப் போகக்கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே ஒழுங்குக்கு வரும். எங்கள் பிள்ளைகளின் கொப்பியில் நிலைத்து நின்ற கூற்றுகளில் சில இவை. நீங்களும் மூலத்தில் சரிபார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டின் அளவு சில மில்லிமீற்றரிலிருந்து ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வரை. உடல் கருஊதா, சிறகுகள் கண்ணாடி போலத் தெளிவானவை. அந்தச் சிறகுகள் நத்தையின் பாதம் இரண்டாகப் பிரிந்து மாறியவை. 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த நத்தை சிறகுகளை எட்டு வடிவத்தில் அசைத்து, சிறு பூச்சிகள் காற்றில் பறக்கும் அதே முறையில் நீரில் முன்னேறுகிறது என்று காட்டியது. உணவுக்காகத் தன் உடலைவிடப் பல மடங்கு பெரிய சளி வலை ஒன்றை நீரில் விரித்து, அதில் ஒட்டும் தாவர மிதவைகளையும் நுண்ணுயிர்களையும் வலையோடு சேர்த்து இழுத்து விழுங்குகிறது. ஒரே நத்தை முதலில் ஆணாகவும் பிறகு பெண்ணாகவும் இயங்கும். இதையே ஏறத்தாழ முழு உணவாகக் கொண்டு வாழும் ஓடற்ற இன்னொரு நத்தையும் அதே கடலில் உண்டு. கிளியோன் லிமாசினா என்பது அதன் பெயர், கடல் தேவதை என்றும் சொல்வார்கள்.

வாழிட வரைபடத்துக்கு ஜிபிஃப் என்ற உலக உயிர்ப்பல்வகைமைத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தலாம். பார்ப்பதற்குக் கணக்கு வேண்டாம். தரவைப் பதிவிறக்க இலவசக் கணக்கு ஒன்று வேண்டும். அங்கே தென்துருவப் பக்கத்தில் புள்ளிகள் தெரிந்தால் பதறாதீர்கள். பழைய பெயரில் பதிவானவை இன்னும் அப்படியே இருக்கக்கூடும்.

ஓடு சுற்றும் திசையை எழுதும்போது ஒரு கணம் நிதானியுங்கள். இந்த நத்தையின் ஓட்டைக் கூர்முனை மேலேயும் வாய் உங்களை நோக்கியும் இருக்கும்படி பிடித்தால், வாய் உங்கள் இடப்பக்கத்தில் இருக்கும். உயிரியலாளர் இதனை இடச்சுற்று என்பார்கள். நம் பூசைச் சங்குகளில் அரிதான வலம்புரியும் இதே பக்கம் சுற்றியதுதான். மரபில் சங்கை மறுதலையாகப் பிடித்துப் பெயரிட்டதால் சொல் மாறி நிற்கிறது. ஆகவே பதாகையில் திசைச் சொல்லை மட்டும் போடாமல், எப்படிப் பிடித்துப் பார்ப்பது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சாதாரண இடம்புரிச் சங்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் வாய் எதிர்ப்பக்கத்தில் இருப்பதைப் பார்வையாளரே கண்டுகொள்வார்.

4. படங்களும் அவற்றின் உரிமமும்

தேடுபொறியில் வரும் படத்தை அப்படியே எடுத்து ஒட்டுவது பரவலான பழக்கம். வலய மட்டத்துக்குப் போகும்போது அதுவே சிக்கலாகும். அமெரிக்க அரசின் சமுத்திர, வளிமண்டல நிறுவனமான நோவாவின் சொந்தப் படங்கள் பொதுவாகப் பொதுவுடைமையானவை. நிறுவனத்தின் பெயரைக் கீழே குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் தளத்தில் உள்ள எல்லாப் படமும் அதனுடையதல்ல என்பதால் படத்தின் கீழுள்ள குறிப்பை வாசியுங்கள். பிளோஸ் வன் போன்ற திறந்த இதழ்களின் படங்களை, எடுத்தவர் பெயரும் உரிமமும் குறிப்பிட்டால் மறுபடி பயன்படுத்த அனுமதி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, எடுத்தவர், உரிமம், எடுத்த இடம் ஆகிய நான்கையும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தையே போட்டோகொப்பி எடுத்துக் கோப்பில் வையுங்கள். கேட்கும்போது நீட்டுவதற்கு அதுவே ஆவணம்.

5. முன்கூட்டியே வாங்க வேண்டிய கடிதங்கள்

முதலாவது, அதிபரின் எழுத்துமூல அனுமதி. செய்முறையில் பயன்படும் பொருள்களின் பட்டியலையும் அதில் இணையுங்கள். இரண்டாவது, நகரத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்வதானால் பெற்றோரின் கையொப்பம். தோட்டப் பகுதியில் பல பெற்றோர் காலை மலைக்கு ஏறினால் மாலையில்தான் லயத்துக்குத் திரும்புவார்கள் என்பதால், படிவத்தை வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கட்கிழமை வாங்குவது நல்லது. மூன்றாவது, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையிடம் உதவி கேட்பதானால் பாடசாலைக் கடிதத்தலைப்பில் அதிபர் கையொப்பமிட்ட கடிதம். என்ன கேட்கிறீர்கள் என்பதை இரண்டு மூன்று கேள்விகளாகச் சுருக்குங்கள். தகவல் தாருங்கள் என்று பொதுவாக எழுதும் கடிதத்துக்குப் பதில் எழுதுவது எவருக்கும் கடினம். பதிலுக்கு இரண்டு வாரமாவது விடுங்கள்.

பணம் கட்டினால்தான் திறக்கும் ஆய்வுக் கட்டுரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கட்டுரையின் முதற்பக்கத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும்; பாடசாலைத் தேவைக்கு ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று மரியாதையாக நான்கு வரி எழுதினால் பலர் அனுப்பிவிடுகிறார்கள்.

6. மாதிரி உருவம்

10 மில்லிமீற்றர் ஓட்டை 20 சென்ரிமீற்றராகச் செய்தால் 20 மடங்கு; இந்த அளவுத்திட்டத்தைப் பெயரட்டையில் எழுத மறக்காதீர்கள். உள்ளுக்கு ரிஜிபோம், மேலே பசையில் ஊறிய பத்திரிகைத் தாள், சிறகுக்குத் தெளிவான பிளாஸ்ரிக் தாள் போதும். சிறகைத் தலையின் இரு பக்கத்திலும் காது போல ஒட்டுவதே அடிக்கடி நடக்கும் தவறு. ஓட்டின் வாயிலிருந்து வெளியே வரும் பாதமே சிறகு என்பதால், அது வாயருகிலிருந்துதான் விரிய வேண்டும்.

தாள் உரு எங்கள் ஊர்களில் காய்வதற்கு எடுக்கும் நேரத்தைச் சமவெளிக் கணக்கில் போடாதீர்கள். நுவரெலியா, ஹற்றன் பக்கத்தில் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் மூடுபனியும் சாரலும் விடாது. வெளிப்பக்கம் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், அதன் மேல் வர்ணம் பூசினால் சில நாளில் உரிந்து கறுப்புப் பூஞ்சணம் படரும். ஒரு படை ஒட்டியதும் அடுப்படியில், நெருப்பிலிருந்து எட்ட, ஓர் இரவு வைத்து உலர்த்திய பிறகே அடுத்த படையை ஒட்டுங்கள்.

7. மேசையில் செய்து காட்டும் பரிசோதனைகள்

கண்காட்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இந்த நத்தையைப் பற்றி உலகம் கவலைப்படுவதற்கான காரணத்தை, நம் சமையலறைப் பொருள்களாலேயே காட்டிவிடலாம். வளியில் கூடும் காபனீரொட்சைட்டின் ஒரு பகுதியைக் கடல் உறிஞ்சுகிறது. அதனால் கடல்நீரில் காபனேற்று அயன்கள் குறைகின்றன. ஓடு கட்டும் உயிர்களுக்கு அந்த அயன்களே மூலப்பொருள். இந்த நத்தையின் ஓடு அரகோனைற்று என்ற வகைக் கல்சியம் காபனேற்றால் ஆனது. கல்சைற்று வகையைவிட அது எளிதில் கரையும். குளிர்ந்த நீர் வாயுவைக் கூடுதலாகக் கரைத்து வைத்திருக்கும் என்பதால் துருவக் கடல் முதலில் பாதிக்கப்படுகிறது. தூய நீரில் 20 பாகை செல்சியஸில் கரைவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு காபனீரொட்சைட்டு 0 பாகையில் கரையும்.

முதற் பரிசோதனைக்குச் சிவப்புக் கோவா வேண்டும். நுவரெலியாச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும். நான்கைந்து இலைகளை நறுக்கிக் கொதிக்கவைத்து வடித்தால் ஊதா நீர் வரும். அதில் ஒரு சிட்டிகைக்கும் குறைவாக அப்பச்சோடாவைக் கரைத்தால் நீலமாகும். கடல்நீரைப் போல மெல்லிய காரத்தன்மை அதில் இருக்கும். இரண்டு கிளாசில் ஊற்றி, ஒன்றை அப்படியே வைத்து, மற்றதில் தாள் உறிஞ்சுகுழாயால் மூச்சை ஊதச் சொல்லுங்கள். நீலம் மெல்ல மெல்ல ஊதாப் பக்கம் திரும்புவதைப் பார்வையாளரே காண்பார்கள். சோடா கூடினால் எவ்வளவு ஊதினாலும் நிறம் அசையாது, ஆகையால் அளவை வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் குழாய் கொடுங்கள். ஊத மட்டும் வேண்டும், உறிஞ்சக்கூடாது. கோவா நீரை முதல்நாள் மாலையில் காய்ச்சினால் போதும். நாட்கணக்கில் வைத்தால் புளித்து நாறும்.

இரண்டாவதற்கு முட்டை ஓடும் கணவாய் ஓடும் வினாகிரியும். முட்டை ஓடு கல்சைற்று. கணவாய் ஓடு நம் நத்தையின் ஓட்டைப் போல அரகோனைற்று. கணவாய் ஓடு மீன்காரரிடமும் பறவைத் தீனி விற்கும் கடையிலும் கிடைக்கும். மூன்று போத்தல்களில் முட்டை ஓட்டுத் துண்டுகளைப் போட்டு, கண்காட்சி தொடங்குவதற்கு 48 மணி, 24 மணி, 6 மணி நேரத்துக்கு முன் என்று வெவ்வேறு வேளையில் வினாகிரி ஊற்றி, வேளையை ஒட்டிவைத்தால் கரைதலின் படிகள் ஒரே பார்வையில் தெரியும். கணவாய் ஓட்டுத் துண்டைப் பார்வையாளர் முன்னிலையிலேயே போடலாம், உடனே நுரைத்துவிடும். ஆனால் அது வேகமாகக் கரைவதற்கு அரகோனைற்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். அதன் உள்ளே நுண்ணிய அறைகள் நிறைந்திருப்பதால் அமிலம் படும் பரப்பும் மிக அதிகம்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான மேசைகள் தவறான செய்தியைச் சொல்கின்றன. கடல் வினாகிரியாகவில்லை, அமிலமாகவும் மாறவில்லை. கைத்தொழில் காலத்துக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பிஎச் பெறுமானம் (அமிலமா காரமா என்பதைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) இப்போது ஏறத்தாழ 8.1, இன்னும் காரப் பக்கமே. சிறு மாற்றம் போலத் தோன்றினாலும் 0.1 குறைவது ஐதரசன் அயன் செறிவு சுமார் 26 சதவீதம் கூடுவதற்குச் சமன். வினாகிரிப் பரிசோதனை வேகப்படுத்திய ஒரு விளக்கம் மட்டுமே என்று பெயரட்டையில் தெளிவாக எழுதுங்கள்.

உண்மையான அளவீட்டுக்கு இரண்டு ஆய்வுகளைக் காட்டலாம். 2009 இல் பயோஜியோசயன்சஸ் இதழில் வந்த ஆய்வு, ஆர்க்டிக் லிமாசினா ஹெலிசினாவை 2100 இல் எதிர்பார்க்கப்படும் பிஎச் அளவில் வைத்தபோது ஓடு கட்டும் வேகம் 28 சதவீதம் குறைந்ததைக் கண்டது. 2012 இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வந்த மற்றொன்று, தென்துருவப் பெருங்கடலில் 2008 இல் பிடித்த நத்தைகளின் ஓடுகள் ஏற்கெனவே கரைந்திருந்ததைக் காட்டியது. இரண்டாவது ஆய்வு தெற்கத்திய உறவினத்தைப் பற்றியது; படத்தின் கீழ் அதைக் குறிப்பிடாமல் விட்டால் நீங்கள் முதற்படியில் பட்ட பாடு வீண்.

8. செலவு எங்கே போகிறது

தரவுத்தளங்கள், திறந்த கட்டுரைகள், படங்கள் அனைத்தும் இலவசம். கட்டுரைகள் சில மெகாபைட் அளவே என்பதால் சாதாரண டேட்டா அட்டையே போதும். கோவா, முட்டை ஓடு, வினாகிரி ஆகியவை சில்லறைச் செலவு. உண்மையான செலவு அச்சிடுவதில்தான். ஏ1 அளவுப் பதாகை ஒன்றின் பரப்பு எட்டு ஏ4 தாள்களின் பரப்புக்குச் சமம். நகரத்து அச்சகத்தில் இரண்டின் விலையையும் கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள். நத்தையின் படமும் வரைபடமும் மட்டும் நிறத்தில் இருந்தால் போதும், மற்றவற்றை டிமை தாளில் அழகான கையெழுத்தில் எழுதலாம். எங்களுக்கு அச்சிட்டுத் தந்த ஓரிடத்தில் தமிழ் எழுத்துருக் குழம்பிக் கொம்புகளும் கால்களும் இடம்மாறி வந்தன. கோப்பைப் பிடிஎப் ஆக மாற்றிக் கொண்டுபோனால் அந்தத் தொல்லை இல்லை. முழுவதையும் அச்சிட முன் ஒரு தாளை மட்டும் எடுத்து வாசித்துப் பாருங்கள். ஈரக்காற்றில் தாள் சுருளும் என்பதால் நிறப் படங்களை லெமினேட் செய்வது வீண்செலவு அன்று.

9. காலக் கணக்கு

ஆறு வாரம் இருந்தால் பதற்றம் இல்லை. முதல் வாரம் பெயரைச் சரிபார்த்துக் கடிதங்களை அனுப்புங்கள். அடுத்த இரண்டு வாரமும் கொப்பிக்கும் படங்களுக்கும். நான்காம் வாரம் உருவம், மழைக்காலமானால் அதை மூன்றாம் வாரத்திலேயே தொடங்குங்கள். பதாகையின் இறுதி வாசகத்தை ஐந்தாம் வாரம் தமிழ் ஆசிரியரிடமும் விஞ்ஞான ஆசிரியரிடமும் கொடுத்துத் திருத்திய பின்பே நகரத்துக்குப் போங்கள். ஆறாம் வாரம் பரிசோதனை ஒத்திகைக்கு. வலயக் கல்விப் பணிமனையின் சுற்றறிக்கையில் மேசை அளவு, மின்சாரம், அறிக்கை கையளிக்கும் திகதி ஆகியவை இருக்கும். அதை முதல் நாளே வாங்கி வாசியுங்கள், கடைசி வாரத்தில் அல்ல.

10. மேசையருகே நிற்கும் பிள்ளைகளுக்கு

மனப்பாடம் செய்த பேச்சைவிட, கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்குங்கள். மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு வடதுருவ நத்தை எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். நம் வாகனங்களும் கைத்தொழிலும் விடும் வாயு எந்த நாட்டில் வெளியானாலும் ஒரே வளியில்தான் கலக்கிறது என்பதைக் கோவா நீரைக் காட்டியே பிள்ளையால் சொல்ல முடியும். இந்த நத்தை அழிந்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு, கடல் தேவதையும் மீன்களும் திமிங்கிலங்களும் இதனை உண்கின்றன என்ற அளவில் நிறுத்தச் சொல்லுங்கள். கடல் முழுவதும் செத்துவிடும் என்பது போன்ற பெரிய வார்த்தை வேண்டாம். விடை தெரியாத கேள்வி வந்தால் கேட்டவரின் முன்னாலேயே கொப்பியில் எழுதிக்கொண்டு, தேடிப் பார்த்து மறுநாள் சொல்லலாம். இரவல் வாங்கிய சங்கை மாலையில் மேசையைக் கலைக்கும் முன்பே துணியில் சுற்றித் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.